மாமாக் என்றால் யார்? கோலாலம்பூரில் கடை, பாடாங்கில் தாய்மாமன், மேடானில் அம்மா

கேள்வி: கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்திருக்கிறேன். எல்லாரும் 'ஜோம் மாமாக்' (மாமாக் போகலாம் வா) என்கிறார்கள். கடைக்காரரையும் அப்படியே கூப்பிடலாமா?

பதில் 1: கடையைச் சொல்லுங்கள், ஆளைக் கூப்பிடாதீர்கள். மாமாக் என்பது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. தென்காசி, கடையநல்லூர், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்களை மரியாதையாக 'மாமா' என்று அழைத்ததில் பிறந்த சொல். ஆனால் மரியாதை தேய்ந்துவிட்டது. ஒரு மனிதரைப் பார்த்து 'மாமாக்' என்றால் இன்று பலருக்குச் சுருக்கென்று தைக்கும். 'அண்ணே' அல்லது 'பாஸ்' போதும். வயதானவர் என்றால் 'பாய்' என்றும் சொல்லலாம். விண்ணப்பத்திலோ அலுவலகக் கடிதத்திலோ எழுத வேண்டி வந்தால் 'இந்திய முஸ்லிம்'.

கடைசி 'க்' நம் சந்தி இல்லை. 'மாமாக் கடை' என்று எழுதிப் பார்த்தால் வல்லினம் மிகுந்ததுபோலவே இருக்கும், அதுதான் வேடிக்கை. மலாயில் உறவுச் சொற்களின் கடைசியில் இந்த 'க்' ஒட்டும்: பாபா, பாபாக் (அப்பா). முழுதாக உச்சரிக்காமல் தொண்டையில் சட்டென்று நிறுத்த வேண்டும். (மலாயில் கடைக்குச் சொல்லும் 'கெடாய்' மட்டும் அசல் நம்முடைய 'கடை'யேதான்.)

ஆர்டர் செய்யும்போது இடறும் இடங்கள்: வெறும் 'தே' (டீ) என்றால் கண்டென்ஸ்டு பால் ஊற்றித் தித்திப்பாக வரும். பால் வேண்டாமென்றால் 'தே ஓ', சீனியும் வேண்டாமென்றால் 'தே ஓ கோசோங்', சீனி குறைவாக என்றால் 'குராங் மானிஸ்'. 'ரொட்டி கோசோங்' என்றால் உள்ளே எதுவும் வைக்காத சாதா ரொட்டி சானாய் (நம்ம பரோட்டா மாதிரி). சீனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பார்சலுக்கு 'புங்குஸ்', பில்லுக்கு 'கிரா'. 'டாகிங்' என்றால் அகராதியில் இறைச்சி, மெனுவில் பெரும்பாலும் மாட்டிறைச்சி. சாப்பிடாதவர்கள் முர்தபாக் (இறைச்சியும் முட்டையும் வைத்து மடித்த ரொட்டி) சொல்லும்போது 'ஆயாம்' (கோழி) என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நாசி கண்டாரில் (சோற்றோடு வேண்டிய கறிகளைத் தேர்ந்து வைத்துக்கொள்ளும் சாப்பாடு) கணவாய், இறால் வைப்பதற்கு முன்பே விலை கேளுங்கள். தட்டு நிறைந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

பதில் 2: அடுத்த மாற்றல் இந்தோனேசியாவின் சுமத்திராவுக்கு என்றால் இதையெல்லாம் மறந்துவிடுங்கள். பாடாங் பக்கத்து மினாங்கபாவ் மக்களின் மொழியில் மாமாக் என்றால் அம்மாவுடன் பிறந்தவர், அசல் தாய்மாமன். அங்கே தாய்வழிச் சமூகம். குலச்சொத்தான நிலத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் அப்பாவிடம் அல்ல, மாமாக்கிடம் போக வேண்டும். 'மருமகனுக்கு மாமாக் அரசன், மாமாக்குக்குப் பெங்ஹூலு (குலத்தலைவர்) அரசன்' என்று அவர்களுக்கு ஒரு வழக்கு உண்டு. வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு வீட்டுக்காரர் தன் மாமாக்கைக் கூட்டிவந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

அழைப்புச் சொல்லிலும் குழப்பம் வரும். மலேசியாவில் 'மாக் லோங்' மூத்த பெரியம்மா. பாடாங்கில் 'மாக் டாங்' மூத்த மாமா. அங்கே 'மாக்' என்பது மாமாக்கின் சுருக்கம்.

அதே சுமத்திராவின் வடக்கே மேடானில் மாமாக் என்றால் அம்மா. 'மாமாக் சாப்பாடு எங்கே கிடைக்கும்?' என்று கேட்டால் 'அம்மா சமையலா?' என்றுதான் பார்ப்பார்கள். தமிழர் பகுதியைத் தேடினால் கம்போங் மெட்ராஸ் என்று கேளுங்கள்.

நம் 'மாமா'வோடு ஒத்திருப்பதை வைத்து மினாங்கபாவ் சொல்லும் தமிழ்தான் என்று அவர்களிடம் வாதிடாதீர்கள். மாமா, பாபா மாதிரிக் குழந்தை வாயில் வரும் சொற்கள் தொடர்பே இல்லாத மொழிகளிலும் தனித்தனியே தோன்றும். ஒலி ஒத்திருப்பது மட்டும் கடன் வாங்கியதற்குச் சாட்சி ஆகாது.

பதில் 3: பழைய மலாய் அரசவையில் சுல்தான் தன் பெண்டஹாராவை (தலைமை மந்திரியை) 'மாமாக் பெண்டஹாரா' என்றே அழைப்பார். தெற்குக் கலிமந்தானில் பஞ்சார் மக்களின் மேடை நாடகத்துக்குப் பெயரே 'மாமண்டா', அதே சொல்லின் மரியாதை வடிவம். ஆக மந்திரி முதல் ரொட்டிக்கடை வரை ஒரே ஒலிதான் கேட்கும்.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு: அங்கே 'மாமா ஷாப்' என்றால் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்கின் அடித்தளத்தில் இருக்கும் சின்ன மளிகைக்கடை. ரொட்டி, பிஸ்கட், பேட்டரி கிடைக்கும், தே தாரிக் (ஆற்றிய பால் டீ) கிடைக்காது.