வீட்டிலேயே பஃபிங் மெஷின்: வீல் பறிக்கும்போது பொருள் எங்கே போய் விழும்?

புல்லட் எஞ்சினின் பக்க மூடிகளான கிராங்க்கேஸ் கவர்களைப் பாலிஷ் பட்டறைக்குக் கொடுத்து வாங்கி அலுத்துப்போய், ஷெட்டிலேயே ஒரு பஃபிங் மெஷின் செய்துகொண்டேன். மோட்டாரில் சுழலும் துணி வீலில் (அதுதான் பஃப்) உலோகத்தை வைத்துப் பளபளப்பாக்கும் மெஷின் இது. அரை எச்பி பழைய மோட்டார், சிங்கிள் ஃபேஸ், 1440 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1440 சுற்று). வாங்கும்போது நான் முக்கியமாகப் பார்த்தது, உடம்பு முழுக்க மூடியிருக்கிறதா என்பதைத்தான். காற்றுத் துளை உள்ள மோட்டார் என்றால் பஃபிலிருந்து பறக்கும் நூல் தூசியை உள்ளே இழுத்துக்கொள்ளும். மோட்டார் கிளம்பியதும் ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டிக்கும் ஸ்டார்ட்டிங் சுவிட்ச் உள்ளே இருக்கிறது, அது தூசியில் அடைத்துக்கொண்டால் அந்தக் காயில் கருகும். மிக்ஸி மோட்டார் போதாதா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அந்த வேகத்தை எட்டங்குலத் துணி வீல் தாங்காது.

1440-இல் 8 அங்குல வீலின் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 900 மீட்டர் ஓடும். அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் இது போதும், கொஞ்சம் பொறுமை வேண்டும். 2880 மோட்டாரில் பளபளப்பு சீக்கிரம் வரும். ஆனால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும் பொருள் நாலு மடங்கு ஆற்றலோடு வந்து மோதும்.

மேசையை எப்படி அமைப்பது என்று கேட்க எங்கள் ஊர்ப் பாலிஷ் பட்டறைக்காரரிடம் போனேன். மோட்டாரைப் பற்றி அவர் ஒன்றுமே பேசவில்லை. "பஃப்பு என்னைக்காவது பொருளைப் பறிக்கும் தம்பி. அது எங்க போய் விழணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க" என்றார்.

அதனால் மோட்டாரை மேசையின் ஓரத்தில் வைத்து, வீல் முழுவதும் வெளியே நிற்கும்படி செய்தேன். அதற்கு நேர் கீழே வெறும் இடம். தரையில் சாக்கு விரித்த ஒரு பெட்டி. நம் பக்கம் வீல் மேலிருந்து கீழாகச் சுற்ற வேண்டும். பொருளை வீலின் நடுமட்டத்துக்குச் சற்றுக் கீழே பிடிக்கிறேன். வீல் பொருளின் விளிம்பைத் தாண்டி வெளியே ஓடலாம். வெளியிலிருந்து அந்த விளிம்பை நோக்கி ஏறினால் பொருளைப் பிடுங்கிவிடும். வீலுக்கடியில் மேசைப் பலகை இருந்தால் பொருள் அதில் மோதி நம் மேலேயே திரும்பும்.

வீலில் தேய்க்கும் பாலிஷ் கட்டியைச் சோப்பு என்போம்: முதலில் தேய்க்கும் பழுப்புச் சோப்புக்கு ஒரு வீல், கடைசிப் பளபளப்புக்கான வெள்ளைச் சோப்புக்கு இன்னொன்று. இரண்டையும் கலந்தால் கீறல் போகவே போகாது. அப்புறம், துணிக் கையுறை, தோளில் துண்டு, தொளதொள சட்டை எதுவும் கூடாது.

—

(ஒரு வாசகரின் பதில்) வீலுக்குக் கீழே காலி இடம் விடுவது பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் பித்தளை விளக்குகளுக்காகப் பெல்ட் வைத்துச் செய்தேன்: ஷாஃப்டைத் தாங்க இரண்டு பிளம்மர் பிளாக் (பேரிங் கட்டை), 20 மில்லிமீட்டர் ஷாஃப்ட், மோட்டாரில் 4 அங்குலப் புல்லி, ஷாஃப்டில் 2 அங்குலம். வேகம் இரட்டிப்பாகும். பெல்ட்டைக் கொஞ்சம் தளர்வாகவே விட்டிருக்கிறேன். வீல் எதையாவது கவ்வினால் பெல்ட் வழுக்கி நின்றுவிடும். ஆனால் தூக்கு விளக்குச் சங்கிலிக்கு இந்த வித்தை பலிக்காது. பக்கத்துப் பட்டறைப் பையன் அதைக் கையில் தொங்கவிட்டுப் பிடித்தான். ஒரு நொடியில் வீலில் சுற்றிக்கொண்டு சாட்டை மாதிரி வீசியது. நல்லவேளை, விரலில் காயத்தோடு போயிற்று. சங்கிலியை நான் மெஷினுக்கே கொண்டுபோவதில்லை, கையால் தேய்ப்பதோடு சரி.

—

(இன்னொரு வாசகர்) இருவர் சொன்னதிலும் ஒன்று விட்டுப்போயிற்று. அலுமினியம் பாலிஷ் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் வேண்டாம். அலுமினியத் தூள் மெல்லியதாகப் பறக்கும்போது ஒரு தீப்பொறி பட்டாலே குப்பென்று பிடிக்கும். பெட்டியில் விரித்த சாக்கிலும் தூளும் நூலும் சேரும், வேலை முடிந்ததும் உதறாமல் மெதுவாகச் சுருட்டி வெளியே கொண்டுபோங்கள்.