9 மாசம் கப்பல், 70 நாள் வீடு: சைன் ஆஃப் ஆனதும் (கப்பலை விட்டு இறங்கியதும்) எதை முதலில் முடிப்பது?

உப்பளம்:

பல்க் கேரியர் சரக்குக் கப்பலில் ஏபி, அதாவது டெக் மாலுமி. 9 மாச காண்ட்ராக்ட் முடியப்போகிறது. ரிலீவர் (என் இடத்துக்கு வருபவர்) சிங்கப்பூரில் ஏறுவார் என்கிறார்கள். வீடு தூத்துக்குடி. அடுத்த ஜாயினிங் சுமார் 70 நாள் கழித்து.

இதற்குள் அடங்க வேண்டியவை: பிஎஸ்டி (கடலில் உயிர் தப்பும் பயிற்சி), எஃப்பிஎஃப்எஃப் (தீயணைப்புப் பயிற்சி) ரிஃப்ரெஷர் (5 வருஷம் முடிகிறது), மெடிக்கல், தங்கச்சி வளைகாப்பு, நடுவில் தவறிப்போன பெரியப்பா வீட்டுக்குப் போய் வருவது, ஷெட்டில் நிற்கும் பைக், என்ஆர்ஐ நாள் கணக்கு (வரிக்காக வெளிநாட்டில் இருந்த நாட்களை எண்ணுவது). எந்த வரிசையில் போனால் கடைசி வாரம் நாய் ஓட்டம் ஓடாமல் தப்பிக்கலாம்? வளைகாப்புக்கு வீட்டில் தேதி கேட்கிறார்கள். சைன் ஆஃபிலிருந்து எத்தனை நாள் தள்ளிச் சொல்வது?

பழைய போசன்:

தம்பி, முதல்ல தேதி விஷயம். காண்ட்ராக்ட்டை எடுத்துப் பாரு, 9 மாசத்துக்குப் பக்கத்துல "கூட்டியோ குறைச்சோ 1 மாசம்"னு போட்டிருப்பான். ரிலீவருக்கு மெடிக்கல் ஃபெயில் ஆகும், விசா வராது, சார்ட்டரர் (கப்பலை வாடகைக்கு எடுத்தவன்) கப்பலை வேற போர்ட்டுக்குத் திருப்புவான். எம்எல்சி (கடல் தொழிலாளர் ஒப்பந்தம்) சொல்றது 12 மாசத்துக்குள்ள உன்னை வீட்டுக்கு அனுப்பணும், அதுவும் கம்பெனி செலவுல. அதுக்குள்ள நாலு வாரம் தள்ளிப்போனா யாரையும் கேட்க முடியாது. அதனால சைன் ஆஃப் தேதியில இருந்து நாலு வாரத்துக்கு மேலயே தள்ளிச் சொல்லு. வளைகாப்பு உனக்காகக் காத்திருக்காது, ஆனா 7ஆம் மாசமா 9ஆம் மாசமான்னு வீட்டுல ஒரு இடம் இருக்கும். 9ஐக் கேளு.

கேங்வேயில இறங்குறதுக்கு முன்னாடி கேப்டன்கிட்ட இருக்கிற ஒரிஜினல் எல்லாத்தையும் எண்ணி வாங்கு: பாஸ்போர்ட், சிடிசி (மாலுமிப் புத்தகம்), சிஓபி (வேலைத் தகுதிச் சான்று), எஸ்டிசிடபிள்யூ பயிற்சி சர்ட்டிபிகேட்டுகள், மெடிக்கல், மஞ்சள் காய்ச்சல் புத்தகம். இதுல ஒண்ணு கப்பல் லாக்கர்லயே தங்கிட்டா அது அடுத்த போர்ட்டுல ஏஜெண்ட் கைக்கு மாறி, கூரியர்ல உன் கைக்கு வர உன் லீவுல பாதி போயிடும். சிடிசியில சைன் ஆன், சைன் ஆஃப் தேதி, போர்ட், ரேங்க், கப்பல் பேரு, மாஸ்டர் கையெழுத்து, சீல் எல்லாம் சரியான்னு அங்கயே நின்னு பாரு. தேதி தப்பா இருந்தா கப்பல்ல திருத்துறது அஞ்சு நிமிஷ வேலை. கரைக்கு வந்தப்புறம் அது மெயில் போக்குவரத்து. சீ சர்வீஸ் லெட்டரும் ஃபைனல் வேஜ் அக்கவுண்டும் தாளா வாங்கிக்கோ, போட்டோவும் எடுத்து வை.

லக்கேஜ்: மரைன் ஃபேர் (மாலுமிகளுக்கான) டிக்கெட்டுல பல ஏர்லைன்ஸ் 40 கிலோ வரைக்கும் விடுவாங்க. சிக்கல் சென்னையில. கஸ்டம்ஸ் அங்கதான், பெட்டியை எடுத்துட்டு வெளிய வந்து உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி போடணும். தூத்துக்குடி டிக்கெட் தனி பிஎன்ஆர்ல இருந்தா அதுல 15 கிலோதான், மிச்சத்துக்குக் கிலோவுக்குக் காசு. ஒரே பிஎன்ஆர்ல போடச் சொல்லி கம்பெனி டிராவல் டெஸ்க்குக்கு முன்னாடியே மெயில் போடு. முடியாதுன்னா மெட்ரோவுல எழும்பூர் போய் முத்துநகர் எக்ஸ்பிரஸ், காலையில ஊர். எடையைப் பத்திக் கவலை இல்ல.

சாமான் விஷயத்துல: மது 2 லிட்டர், சிகரெட் 100 குச்சி, அவ்வளவுதான் வரியில்லாம. வேப் கொண்டுவராதே, 2019லயே நம்ம நாட்டுல தடை. கப்பல்ல வாங்கின டாலர் நோட்டு 5,000க்கு மேல கையில இருந்தா ஏர்போர்ட்லயே டிக்ளேர் பண்ணு. அந்த ஃபாரம் இருந்தாத்தான் பிறகு பேங்க்லயும் கேள்வி வராது.

என்ஆர்ஐ நாளுக்கு சிடிசி தேதியைக் கணக்கு வச்சுக்கோ, அது போதும்.

கணக்குப்புலி:

போசன் அண்ணே, கடைசி வரி மட்டும் சரியில்லை. சிடிசி தேதிப்படி கணக்கிடும் விதி, இந்தியத் துறைமுகத்தில் கிளம்பி வெளிநாடு போகும் பயணத்துக்கும் வெளிநாட்டில் கிளம்பி இந்தியத் துறைமுகத்தில் முடியும் பயணத்துக்கும்தான். விமானத்தில் போய் சிங்கப்பூரில் ஏறி, சிங்கப்பூரில் இறங்கி விமானத்தில் திரும்புகிறவருக்கு பாஸ்போர்ட்டில் குத்திய இமிக்ரேஷன் தேதிதான் சாட்சி. கிளம்பிய நாள், வந்த நாள் இரண்டையும் இந்திய நாளாகவே எண்ணுங்கள். இரண்டு நாள் நஷ்டம், ஆனால் வாதாட வேண்டியதில்லை.

கணக்கு நிதியாண்டுக்கு, ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. என்ஆர்ஐயாக இருக்க இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக, அதாவது அதிகபட்சம் 181 நாள். ஆகவே வெளியில் 184 நாள். பிப்ரவரி 29 வரும் நிதியாண்டில் 185.

காண்ட்ராக்ட் முழுசாக 9 மாசம், நமக்கென்ன என்று பலர் இருந்துவிடுகிறார்கள். டிசம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வெளியில் இருந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 274 நாள். முதல் நிதியாண்டில் விழுவது 121, அடுத்ததில் 153. தனித்தனியே பார்த்தால் இரண்டு ஆண்டிலும் 184 இல்லை! முதல் ஆண்டில் அதற்கு முந்தைய காண்ட்ராக்ட்டின் நாட்கள் கை கொடுக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் இன்னும் 31 நாள் தேவை, எனவே அவர் பிப்ரவரி 28க்குள் விமானம் ஏறியாக வேண்டும். "பொங்கல் முடியட்டும், மாசி முடியட்டும்" என்று ஜாயினிங்கைத் தள்ளிக்கொண்டே போய் மார்ச் முதல் வாரம் கிளம்புகிறவர் அந்த ஆண்டுக்கு ரெசிடென்ட், அதாவது வரிக் கணக்கில் இந்தியாவில் வசிப்பவர். வெளிநாட்டுச் சம்பளமும் வரிக்குள் வந்துவிடும். வீட்டு காலண்டரில் ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் இருந்த நாட்களை எழுதி வையுங்கள். 150ஐத் தொட்டால் கம்பெனிக்கு போன் போட வேண்டிய நேரம்.

இந்தியாவில் வாடகை, வட்டி போன்ற வருமானம் ஆண்டுக்கு 15 லட்சத்தைத் தாண்டுகிறவர்களுக்கு விதி வேறு. அவர்கள் ஆடிட்டரைப் பார்ப்பதே நல்லது.

சம்பளம் என்ஆர்இ கணக்குக்கு (என்ஆர்ஐயின் வெளிநாட்டு வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) வரட்டும். நான்-ரெசிடென்ட் ஒருவர் வெளிநாட்டுக் கொடிக் கப்பலில் சம்பாதித்தது இந்திய வங்கியின் என்ஆர்இ கணக்கில் விழுந்தது என்பதற்காக மட்டும் வரி இல்லை என்று நேரடி வரி வாரியம் 2017இல் தெளிவாக்கிவிட்டது. என்ஆர்இ வட்டிக்கும் வரி இல்லை. என்ஆர்ஓ (என்ஆர்ஐயின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிப்பார்கள். ஊர் வாடகை, நிலம் விற்ற பணம் இவை வழக்கமாக என்ஆர்ஓவுக்கு. டாலர் நோட்டை ஊரில் இருக்கும்போது நேரில் போய் என்ஆர்இயில் கட்டலாம். மனைவிக்கு அனுப்பிக் கட்டச் சொல்லாதீர்கள்.

கரையில் இருப்பவள்:

தம்பி, நீங்கள் எழுதிய 70 நாளில் சம்பளம் வரும் நாள் எத்தனை என்று எண்ணினீர்களா? எம்எல்சி கணக்கில் மாசத்துக்கு 2.5 நாள் லீவு, 9 மாசத்துக்கு 22.5 நாள். மிச்சம் 47.5 நாள் காசில்லாத நாள். அதைவிட மோசம், பல காண்ட்ராக்ட்டில் லீவ் பே மாசாமாசம் சம்பளத்தோடு சேர்ந்தே வந்துவிடும், வீட்டில் இருக்கும்போது ஒரு பைசா வராது. சம்பளத் தாளில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். ஊருக்கு இது தெரியாது. கப்பல்காரன் வந்திருக்கான் என்றால் கோயில் கொடைக்கு வரி, சங்கத்துக்கு நன்கொடை, கைமாத்து எல்லாம் வாசலுக்கு வரும். இறங்குவதற்கு முன்பே மூன்று மாச வீட்டுச் செலவையும் இஎம்ஐயையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் "லீவுக் காசு" என்று நினையுங்கள்.

வீட்டில் இப்போதே ஒரு பட்டியல் கேளுங்கள்: 9 மாசத்தில் எங்கே சாவு, எங்கே கல்யாணம், எங்கே குழந்தை, எங்கே பால் காய்ப்பு, யார் வீட்டில் மொய் வைத்தாயிற்று, எங்கே பாக்கி. மொய் நோட்டை வைத்துக்கொண்டு போனில் பத்து நிமிஷம் பேசினால் போதும். பிறகு வரிசை தானாக வரும். துக்க வீடு முதலில். பெரியப்பா வீட்டுக்குப் போகாமல் வேறு விசேஷ வீட்டில் தலை காட்டினால் அது வருஷக்கணக்கில் பேசப்படும். காரியம் முடிந்து மாசமானாலும் போக வேண்டும். போகும் கிழமையைப் பெரியம்மா வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம். சாக்லேட் பையோடு போகாதீர்கள். கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமல் எழுந்து வருவதுதான் முறை, பழக்கத்தில் வாய் தவறிவிடும்.

அடுத்து தாய்மாமா, அத்தை வீடுகள். ஒரு நாளைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது வீட்டில் சாப்பிடாமல் எழுந்தால் கோபம், சாப்பிட்டால் வயிறு கெடும். நண்பர்களுக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமை.

முதல் நாலு நாள் யாரையும் வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள். 12-4 வாட்ச் (12 முதல் 4 மணி வரையிலான ஷிஃப்ட்) பார்த்தவர் ராத்திரி ஒரு மணிக்கு முழித்துக்கொண்டும் பகல் சாப்பாட்டுக்குத் தூங்கிக்கொண்டும் இருப்பார். வந்தவர்களுக்கு அது மரியாதைக் குறைவாகத் தெரியும். சின்னக் குழந்தை இருக்கிற வீடு என்றால் இன்னொன்று: 9 மாசத்தில் முகம் மறந்திருக்கும், முதல் நாளே தூக்கி வைத்துக்கொண்டு போட்டோ எடுக்கப் போனால் அழும். அது பக்கத்தில் வரட்டும்.

உப்பளம்:

அக்கா, லீவ் பே வரியைப் பார்த்தேன். மாசாமாசம் கொடுத்தே தீர்த்திருக்கிறார்கள். நல்லவேளை சொன்னீர்கள். மெடிக்கல், ரிஃப்ரெஷர் இரண்டில் எது முதலில்? நான் மறுபடி ஏறும்போது ஓடிபி, இஎம்ஐ எல்லாம் யார் பார்ப்பது? மனைவி பெயரை என்ஆர்இயில் சேர்க்கலாமா?

கணக்குப்புலி:

சேர்க்கலாம். இந்தியாவில் வசிக்கும் நெருங்கிய உறவினரை "ஃபார்மர் ஆர் சர்வைவர்" முறையில் மட்டும். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அவர் இணைக் கணக்குதாரராக இயக்க முடியாது, அதற்குத் தனியாக அதிகாரப் பத்திரம் வேண்டும். உள்ளூர்ச் செலவு, இஎம்ஐ இவற்றுக்கு அது போதும். பேங்கில் நேரில் கையெழுத்து கேட்பார்கள், எனவே முதல் வாரமே போங்கள்.

சிம்: ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் தொடவே இல்லையென்றால் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம். 20 ரூபாயாவது பேலன்ஸ் இருந்தால் 30 நாள் 30 நாளாக நீளும். வருஷ ரீசார்ஜ் ஒன்று போட்டுவிட்டால் தலைவலி இல்லை. எண் போனால் ஓடிபி போகும், ஓடிபி போனால் நெட் பேங்கிங் போகும். நடுக்கடலில் அதைச் சரிசெய்ய வழியே கிடையாது.

இன்ஜின் ரூம் எலி:

ரிஃப்ரெஷர் சீட்டை கப்பலில் இருக்கும்போதே புக் பண்ணுங்க. சென்னையில ரெண்டையும் அடுத்தடுத்த நாள்ல கொடுக்கிற இன்ஸ்டிடியூட்டாப் பாருங்க, இல்லன்னா ரெண்டு தடவை ரயில். தேதியை ஊருக்கு வந்த மூணாவது, நாலாவது வாரத்துக்குப் போடுங்க. இறங்குறது தள்ளிப்போனாலும் தாங்கும், சர்ட்டிபிகேட் கைக்கு வரவும் நேரம் இருக்கும். பாஸ்போர்ட்டையும் பாருங்க: அடுத்த காண்ட்ராக்ட் முடியுற நாளுக்கு மேல இன்னும் 6 மாசம் இருக்கணும். இன்னிக்கு 18 மாசத்துக்குக் குறைவா இருந்தா இந்த லீவுலயே புதுப்பிங்க, போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு நீங்க ஊர்ல இருக்கணும். பழைய புத்தகத்துல அமெரிக்க விசா இருந்தா அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, ரெண்டையும் சேர்த்தே கொண்டு போகணும்.

மெடிக்கல் சர்ட்டிபிகேட்டுக்கு அதிகபட்சம் 2 வருஷம். நடுக்கடல்ல முடிஞ்சா அடுத்த போர்ட்ல டாக்டரைப் பார்க்கிற வரைக்கும், அதிகபட்சம் 3 மாசம் செல்லும். ஆனா அதை நம்பி கம்பெனி ஏத்தாது. இதுல பலரும் மாட்டுறது கடைசி வாரத்துல. 50 நாள் விருந்து, புரோட்டா, ஃப்ரெண்ட்ஸோட தண்ணி, பிறகு டெஸ்ட். பிரஷர், சர்க்கரை, லிவர் என்சைம் எல்லாம் ஏறி நிக்கும். அல்ட்ரா சவுண்ட் கேட்கிற கம்பெனின்னா சின்ன கிட்னி கல்லு, பித்தப்பைக் கல்லு கூட ஜாயினிங்கை நிறுத்திடும். அதனால ரெண்டாவது வாரமே உள்ளூர் லேப்ல உங்க காசுல ஒரு தடவை பாத்துடுங்க: பிபி, வெறும் வயித்துச் சர்க்கரை, கொழுப்பு, லிவர், முடிஞ்சா ஸ்கேன். எதாவது இருந்தா சரிபண்ண 6 வாரம் இருக்கு. பல்லும் அப்பவே. கப்பல்ல பல்வலிக்கு மாத்திரைதான். மஞ்சள் காய்ச்சல் ஊசி ஏற்கெனவே போட்டிருந்தா 2016லருந்து அது ஆயுசுக்கும் செல்லும், மறுபடி போட வேண்டாம். புதுசா போடுறவங்களுக்கு ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் அது செல்லுபடி, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க.

பைக்: வந்த அன்னிக்கே கிக் அடிக்காதீங்க. 9 மாசம் நின்ன எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுத்து அடியில தண்ணியாத் தங்கியிருக்கும், டேங்கைக் காலி பண்ணிப் புது பெட்ரோல் ஊத்துங்க. கார்புரேட்டர் வண்டின்னா அதையும் கழட்டிக் கழுவணும். பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழ இருந்தா சார்ஜ் போட்டுப் பாருங்க, மறுநாளே இறங்கினா மாத்த வேண்டியதுதான். சீட்டுக்கு அடியில எலி வயரைக் கடிச்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் மூணு தேதியும் பாத்துட்டு ரோட்டுக்கு எடுங்க. திரும்பக் கிளம்பும்போது டேங்கை நிரப்பி, பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, சென்டர் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போங்க.

போகும்போது அம்மா கட்டிக் கொடுக்கிற பொடி வகையில ஒண்ணு கவனம்: கசகசா போட்ட மசாலா வேண்டாம். யுஏஇயோட ஃபுஜைராவுல ஜாயினிங் வந்தாலும் சரி, சிங்கப்பூர்ல வந்தாலும் சரி, ரெண்டு இடத்துலயும் அது போதைப்பொருள் கணக்கு. கோடீன் இருக்கிற இருமல் மருந்தும் அதே கதை. மக்ரூன் கொண்டு போகலாம், காத்துப் புகாத டின்ல போடுங்க, பையில போட்டா மெஸ் ரூமுக்குப் போறதுக்குள்ள மாவாயிடும்.