வேஸ்ட் பைப்புல போன தண்ணி: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க

நீளக்கம்பு

மூணு மாசம் ஆச்சு, இன்னும் மனசுல முள்ளாட்டம் குத்துது. இங்க இறக்கி வெச்சுடறேன்.

உப்பில்லாத தண்ணியைக் கம்பு பிரஷ்ல விட்டு ஜன்னல் கழுவற நம்ம தொழில்ல, செட்டப் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். தூசிக்கு 5 மைக்ரான் ஃபில்டர், குளோரினுக்குக் கார்பன், உப்பைப் பிரிச்சு வேஸ்ட் தண்ணியோட வெளியே தள்ளற 4040 ஆர்.ஓ. மெம்பிரேன் ஒண்ணு, கடைசியில மிச்ச உப்பையும் உறிஞ்சற டிஐ ரெசின். 300 லிட்டர் டேங்க். மறுநாள் நாலு மாடிக் கட்டடம், முழுக்கக் கண்ணாடி. ராத்திரி எட்டு மணிக்குக் குழாயைத் திறந்துவிட்டுட்டுப் படுத்துட்டேன். டேங்க்ல மிதவை வால்வு இருக்கு, நிரம்பினா தானா அடைச்சுக்கும்ங்கற தைரியம்.

விடியக்காலைல முழிப்பு வந்தப்ப மழைச் சத்தம். போச்சுடா இன்னிக்கு வேலைன்னு நெனச்சுக் கதவைத் திறந்தா, வானம் நிறைய நட்சத்திரம். சத்தம் என் வேஸ்ட் பைப்புலேர்ந்து வருது. மிதவை அடைச்சது நல்ல தண்ணியை மட்டும்தான். உள்ளே வர்ற தண்ணியை யாரும் நிறுத்தலை, அது மெம்பிரேனைத் தொட்டுட்டு நேரா வெளியே போயிக்கிட்டே இருந்திருக்கு. வாளி வெச்சு அளந்தேன், நிமிஷத்துக்கு நாலரை லிட்டர். டேங்க் நிரம்பி ஆறு மணி நேரமாவது ஆகியிருக்கும், 1600 லிட்டருக்குக் குறையாது. அந்த 300 லிட்டரை எடுக்கறதுக்கே ஏற்கெனவே 900 லிட்டர் போயிருக்கு.

மதில் மேல எட்டிப் பாத்த பக்கத்து வீட்டு அக்கா திட்டவே இல்லை. "நடுராத்திரியில மழைன்னு நெனச்சு எழுந்து கொடியில கெடந்த துணியெல்லாம் உள்ளே எடுத்துட்டேன் தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

பழைய ஸ்குவீஜி

இதைப் படிச்சுட்டு யாரும் போய் வேஸ்ட் வால்வைத் திருகிடாதீங்க. நான் திருகினவன்.

குழாய்த் தண்ணியே எனக்கு 420 டிடிஎஸ் (கரைஞ்சிருக்கற உப்போட அளவு), அதுலயும் நல்ல கடினநீர். ஒரு பங்கு நல்ல தண்ணிக்கு மூணு பங்கு வேஸ்ட் போயிக்கிட்டு இருந்துச்சு. மனசு கேக்கலை. கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, மூணு பங்கு நல்லது, ஒரு பங்கு வேஸ்ட்னு தலைகீழாக்கிட்டேன். முதல் வாரம் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். மெம்பிரேனைத் தாண்டி வர்ற தண்ணி 9 காட்டினது 15 ஆச்சு, அப்புறம் 31. டேங்க் நிரம்பற நேரமும் கூடிக்கிட்டே போச்சு. சிட்ரிக் ஆசிட் கரைசல்ல சுத்த விட்டுப் பாத்தேன். ரெண்டு நாள் தெளிஞ்சுது, மறுபடி பழைய கதை.

ஆறாவது வாரம் கழட்டி ரம்பத்தால அறுத்தேன். என்னதான் ஆச்சுன்னு பாத்துடணும்னு ஒரு வெறி. சுருள் சுருளா இருக்கற அந்தத் தாள் முழுக்க வெள்ளையாப் படிஞ்சு, கட்டை விரலால தேச்சா நறநறங்குது. உப்புத்தாள் மாதிரி. ரெண்டாயிரம் லிட்டர் மிச்சம் பிடிச்சிருப்பேன், அதுக்கு ஒரு மெம்பிரேனைக் குப்பையில போட்டேன். இதுல மிச்சம் எது?

ஒண்ணுக்கொண்ணு

பழைய ஸ்குவீஜி அண்ணே, உங்க அனுபவம் உங்களோட இருக்கட்டும், ஊருக்கெல்லாம் சட்டம் போடாதீங்க. பாதி நல்லது, பாதி வேஸ்ட்னு நாலு வருஷமா ஓட்டறேன். அதே மெம்பிரேன். நறநறவும் இல்லை ஒண்ணும் இல்லை. குழாய்த் தண்ணி 55 டிடிஎஸ்.

வால்வு இருக்கறதே திருகறதுக்குத்தான்.

அளவுகோல்

மேலே இருக்கும் இருவருமே சரி. சண்டைக்குக் காரணம், இருவரும் வெவ்வேறு தண்ணீரைப் பற்றிப் பேசுவதுதான். என் சொந்த அனுபவம் சிறியது: வாடிக்கையாளர் ஒருவர் என் வண்டியிலிருந்து வழிந்த வேஸ்ட் தண்ணீரைக் காலால் தொட்டுக் காட்டி, "இது என்ன, அழுக்குத் தண்ணியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப ஏன் கொட்டறீங்க?" என்றார். பதில் வரவில்லை. அன்று இரவுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

உள்ளே போகும் உப்பில் பெரும்பகுதி வேஸ்ட் தண்ணீரோடுதான் வெளியே வர வேண்டும், அதற்கு வேறு வழி கிடையாது. பாதிக்குப் பாதி ஓட்டினால் வேஸ்டில் உப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. முக்கால் பங்கை நல்ல தண்ணீராக எடுத்தால் நான்கு மடங்கு. 55 டிடிஎஸ் நான்கு மடங்கானாலும் 220தான், பல வீடுகளில் குழாயில் வருவதே அதைவிட அதிகம். 420 நான்கு மடங்கானால் 1680. அந்தச் செறிவில் கால்சியம் கார்பனேட் கரைந்து நிற்க முடியாமல் தாளின் மேல் படிகிறது. டிடிஎஸ் மட்டும் பார்த்தால் போதாது, அதில் கடினத்தன்மை எவ்வளவு என்பதே முக்கியம். சோதனைத் துண்டு ஒன்றை நனைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஒற்றை மெம்பிரேனில் பாதி எடுப்பதே அதன் அளவுக்கு மீறிய வேலை. தயாரிப்பாளர்கள் 40 அங்குல மெம்பிரேன் உருளை ஒன்றுக்கு, ஒரு தடவை பாயும்போது, ஏறத்தாழ 15 சதவீதம் என்றுதான் சொல்கிறார்கள். வேஸ்ட் வேகமாக ஓடினால்தான் தாளின் பரப்பைக் கழுவிக்கொண்டே போகும். நாமெல்லாம் அந்த எல்லையைத் தாண்டித்தான் ஓட்டுகிறோம், மென்மையான தண்ணீர் உள்ளவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள், அவ்வளவே. எனவே ஒண்ணுக்கொண்ணு நண்பர் தன் கெட்டிக்காரத்தனத்தை அல்ல, தன் ஊர்த் தண்ணீரைத்தான் மெச்சிக்கொள்ள வேண்டும்.

வால்வுக்குப் போவதற்கு முன் அழுத்தத்தைப் பாருங்கள். குழாய் அழுத்தம் 3 பாரில் நிற்கிறது, பூஸ்டர் பம்பு வைத்து 6 ஆக்குகிறீர்கள் என்றால் நல்ல தண்ணீர் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும், வேஸ்ட் அந்த அளவுக்கு அதிகரிக்காது. வால்வைத் தொடாமலே விகிதம் சீராகும். குளிர் மாதங்களில் இதற்கு நேர்மாறு. தண்ணீர் ஒவ்வொரு டிகிரி குளிரும்போதும் நல்ல தண்ணீரின் வரத்து ஏறத்தாழ 3 சதவீதம் குறையும், வேஸ்ட் மட்டும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கோடையில் அளந்த விகிதத்தைக் குளிர்காலத்திலும் அப்படியே நம்புவது வீண். இரண்டு பைப்பிலும் ஒரு நிமிடம் வாளி பிடியுங்கள், மாதம் ஒரு முறை.

கடின நீர் என்றால் முன்னால் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் வைக்கலாம். அதைக் கழுவவும் தண்ணீர் போகும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். கார்பனை நேரத்துக்கு மாற்றுங்கள், குளோரின் தாண்டிப் போனால் மெம்பிரேன் பாழ். மெம்பிரேன் பழுதானால்

(நீளம் கருதி இத்துடன் நிறுத்துகிறேன். யாரும் கேட்கவில்லை என்பதும் தெரியும்.)

ஈரக்கை

எதுக்கு இவ்ளோ பாடு? நான் ஆர்.ஓ.வே வெக்கலை. நேரா டிஐ. உள்ளே போற தண்ணி அத்தனையும் வெளியே வருது, வேஸ்ட் பைப்புங்கற பேச்சே இல்லைன்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சவன்.

ஒரு நாள் வண்டிக்குள்ள மீன் நாத்தம். சீட்டுக்கு அடியில, பாய்க்கு அடியில, எங்க தேடியும் ஒண்ணும் இல்லை. வேலைக்குப் போன வீட்டம்மா ஜன்னலைத் திறந்து மூக்கைச் சுளிச்சுக்கிட்டு என் பிரஷைப் பாக்கறாங்க. அப்பதான் பிரஷை மோந்து பாத்தேன். நாத்தம் என் தண்ணியிலேர்ந்துதான். ரெசின் தீர்ந்துபோனா அப்படித்தான் நாறுமாம், உள்ளே இருக்கற அமீன்ங்கற ரசாயனம் பண்ற வேலை. மீட்டர்ல 3 பாத்து நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு. அது கடைசியில மெல்ல ஏறாது, திடுதிப்புன்னு எகிறும்.

கண்ணாடியெல்லாம் புள்ளி புள்ளியாக் காஞ்சு கெடந்துச்சு. பதினெட்டு ஜன்னலையும் மறுபடி கழுவினேன். வேஸ்ட் இல்லாத செட்டப்புல அன்னிக்கு ரெண்டு மடங்கு தண்ணி.

பழைய ஸ்குவீஜி

@ஈரக்கை: வேஸ்ட் இல்லைங்கறது உங்க கண்ணுக்குத் தெரியலைங்கறதுதான். தீர்ந்த ரெசினைத் திரும்ப உயிர்ப்பிக்க ஆசிட்டும் காரமும் ஊத்தி, அப்புறம் அலசு அலசுன்னு அலசணும். அந்தத் தண்ணி வேற எவன் வீட்டுச் சாக்கடையிலயோ போகுது. புதுசா வாங்கித் தீர்ந்ததைத் தூக்கிப் போட்டா அது வேற கணக்கு. 300 டிடிஎஸ் தண்ணியை நேரா ரெசினுக்கு விடறதும், ஆர்.ஓ. தாண்டி 6 ஆனதை விடறதும் ஒண்ணா? கிட்டத்தட்ட அம்பது மடங்கு உழைக்கும்.

@ஒண்ணுக்கொண்ணு: 55 டிடிஎஸ்னு கடைசி வரியில சொன்னீங்களே, அதை முதல் வரியில சொல்லியிருக்கணும் தம்பி.

மாடிப்படி

வேஸ்ட் தண்ணியைச் செடிக்கு விடலாம்னு யாராவது சொல்றதுக்குள்ள நான் சொல்லிடறேன்.

சாஃப்ட்னர், அதுக்கப்புறம் ஆர்.ஓ. வேஸ்டை அப்படியே தொட்டிச் செடிகளுக்குத் திருப்பி விட்டேன். அம்மா வளர்த்த செடிங்க. ரெண்டு மாசத்துல இலை ஓரமெல்லாம் பொசுங்கின மாதிரி பழுப்பு. தொட்டி மண்ணு மேல வெள்ளைப் பொருக்கு. அம்மா எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலை, பழுத்த இலையை ஒவ்வொண்ணாக் கிள்ளி உள்ளங்கையில சேத்துக்கிட்டே இருந்தாங்க. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தை விடுது, ஆர்.ஓ. அந்த சோடியத்தைச் செறிவாக்கி வேஸ்டுல தள்ளுது. உப்புத் தண்ணி ஊத்தியிருக்கேன் நான்.

சாஃப்ட்னர் இல்லாதவங்க, டிடிஎஸ் கம்மியா இருக்கறவங்க நிலத்துல நிக்கற மரத்துக்கு விட்டுப் பாக்கலாம், மழை வந்து உப்பை அலசிடும். தொட்டிக்கு வேண்டாம். இப்ப அந்தத் தண்ணி கக்கூஸுக்கும் தரை கழுவவும் போகுது. வண்டி கழுவினேன், வெயில்ல காஞ்சதும் மேலெல்லாம் வட்டம் வட்டமா உப்பு.

கூரைத்தண்ணி

மழைத்தண்ணி பிடிக்கறேன். கூரையிலேர்ந்து வர்றது 12 டிடிஎஸ், நேரா ரெசினுக்கு விட்டாலே போதும், வேஸ்டே கிடையாது. முதல் பத்து நிமிஷத் தண்ணியை விட்டுடணும். ஒரு தடவை விடலை. பறவை எச்சமும் பாசியுமா 5 மைக்ரான் ஃபில்டர் ஒரே நாள்ல பச்சைப் பசேல்னு ஆயிடுச்சு. கழட்டினப்ப வந்த வாடைக்கு ஈரக்கையோட மீன் தேவலாம்.

துளித்துளி

எல்லாரும் மெம்பிரேனைச் சுத்தியே பேசறீங்க. நான் வீணாக்கினது நல்ல தண்ணி. சுத்தமான, மீட்டர்ல 000 காட்டின தண்ணி, 200 லிட்டர்.

புது வேலை. மூணாவது மாடி ஜன்னல் காஞ்சதும் மேலேர்ந்து கீழே கோடு கோடா இறங்குது. தண்ணி கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். மீட்டரை நனைச்சா 000. மீட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்! டேங்க் முழுக்கத் திறந்து விட்டேன், புது ரெசின் போட்டேன், மறுநாள் வந்து மறுபடி கழுவினேன். அதே கோடு. அதே இடத்துல.

அப்பறம் ஏணி போட்டு மேலே ஏறிப் பாத்தேன். மேல் சட்டத்துல காத்து போற துளை வரிசை, அதுக்குள்ள வருஷக்கணக்கான கரி. நான் கீழேர்ந்து தண்ணியை அடிக்க அடிக்க அந்தத் துளைக்குள்ள தண்ணி போய் நின்னு, நான் கிளம்பினதுக்கு அப்புறம் சாவகாசமா ஒவ்வொரு சொட்டா கறுப்பா இறங்கியிருக்கு. ஒரு சொட்டு ரப்பர் ஓரத்துல தொங்கிக்கிட்டே இருந்து, கண்ணாடியில இறங்கி நிக்கறதை மூக்குக்கு முன்னாடி பாத்தேன். என் 200 லிட்டர் கண்ணுக்குள்ள வந்துச்சு.

இப்ப மேல் சட்டத்தை முதல்ல தேச்சு, அது வடியற வரைக்கும் அடுத்த ஜன்னலுக்குப் போயிட்டு, அப்புறம் வந்துதான் கண்ணாடியைத் தொடறேன். ஜன்னலுக்கு ஜன்னல் நகரும்போது தண்ணியை நிறுத்தறேன், முன்னாடி அது பாட்டுக்குத் தரையில ஓடும். நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டர் போனது இப்ப ஒண்ணேகால். அங்க ஒரு லிட்டர் மிச்சம்னா நீளக்கம்பு சாருக்கு வேஸ்டோட சேத்து நாலு லிட்டர் மிச்சம். அளவுகோல் சார் இந்தக் கணக்கைப் போடலையே.

அளவுகோல்

போட்டிருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

ஒண்ணுக்கொண்ணு

55 டிடிஎஸ்ஸை ஏதோ களவாண்ட மாதிரி பேசறீங்க. சரி, என் தப்பையும் எழுதிடறேன். காலைல முதல்ல திறந்ததும் ரெண்டு நிமிஷம் மீட்டர் 40 காட்டும். ராத்திரி பூரா நின்ன தண்ணியில உப்பு மெம்பிரேன் வழியா அந்தப் பக்கம் ஊறி வந்துடுது. அந்த 40ஐ நாலு வருஷமா நேரா ரெசினுக்கு விட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப வாளியில பிடிச்சு அழுக்கு ஜன்னலுக்கு முதல் நனைப்பா வெச்சுக்கறேன். கொட்டறது இல்லை.

நீளக்கம்பு

எல்லாருக்கும் நன்றி. தானா நிறுத்தற வால்வு போட்டாச்சு. டேங்க் நிரம்பி நல்ல தண்ணிப் பைப்புல அழுத்தம் ஏறினதும் உள்ளே வர்ற தண்ணியையே அது அடைச்சிடுது. நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச்சோட போய் வேஸ்ட் பைப் பக்கத்துல குந்திட்டுக் கேட்டேன். மழை இல்லை. ஆனா சொட்டுது. நின்னு போனதுக்கு அப்புறமும் விட்டு விட்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை சர்ருன்னு திறந்து மூடுது. டம்ளர் வெச்சேன், இருபது நிமிஷத்துல நிரம்பிடுச்சு. வால்வு புதுசுதான். எங்க தப்பு?

பழைய ஸ்குவீஜி

நல்ல தண்ணிப் பக்கம், தண்ணி பின்னாடி திரும்பாம தடுக்கற செக் வால்வு போட்டீங்களா?

நீளக்கம்பு

பழசு ஒண்ணு கெடந்துச்சு, அதைத்தான் மாட்டினேன்.

பழைய ஸ்குவீஜி

அது பின்னாடி கசியுது. அழுத்தம் நிக்காம இறங்குது, அதான் வால்வு மறுபடி மறுபடி திறக்குது. மாத்துங்க.