வேலைக்களத்துச் சிரிப்பும் டெக்சஸ் ஜெர்மானியர்களும்: படித்தவர்கள், பார்த்தவர்கள் அனுபவம்

ஆஸ்டினிலிருந்து

கணக்கு எழுதும் வேலையில் எனக்குப் பதினான்கு வருடம் ஆகிறது. வேலை செய்கிறவர்கள் தங்கள் வேலையைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கும் புத்தகங்கள் என்றால் எனக்கு உயிர். அப்படி ஒன்று நான் தேடாத இடத்தில் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இந்த இழை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

எங்கள் ஊரிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் வரும். பீச் பழம் வாங்கப் போயிருந்தோம். நல்ல மழை. ஒதுங்கிய இடம் ஒரு அருங்காட்சியகக் கடை. அங்கே, அந்த மலைநாட்டில் குடியேறிய ஜெர்மானியர்களைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் தொகுத்த வரலாற்றுப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். அன்று இரவே சத்தமாகச் சிரித்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிவிட்டேன்.

சிரிக்க வைத்தது கணக்கு. 1842-இல் ஜெர்மன் பிரபுக்கள் சிலர் கூடி, டெக்சஸில் ஜெர்மானியர்களைக் குடியேற்ற ஒரு சங்கம் தொடங்குகிறார்கள். அடெல்ஸ்ஃபெரைன் என்று பெயர், பிரபுக்கள் சங்கம் என்று பொருள். தனி ஆள் 300 குல்டன் (அன்றைய ஜெர்மன் பணம்) கட்டினால் 160 ஏக்கர், குடும்பம் 600 குல்டன் கட்டினால் 320 ஏக்கர் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். அந்த நிலமோ கமான்சே என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் வாழ்ந்த பகுதியில் இருந்தது. முதல் பொறுப்பாளர் இளவரசர் கார்ல் சோல்ம்ஸ்-பிரான்ஃபெல்ஸ். 1845 மார்ச்சில் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரை நிறுவினார், மே மாதம் ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் இடத்துக்கு வந்தவர் மொய்செபாக். பிறப்பால் பிரபு, டெக்சஸுக்கு வந்ததும் பட்டத்தை உதறிவிட்டு வெறும் ஜான் மொய்செபாக் ஆனவர். வந்து பெட்டியைத் திறந்தால் பணம் இல்லை, கடன் இருக்கிறது, கணக்கு தாறுமாறாகக் கிடக்கிறது. கால்வெஸ்டன் துறைமுகத்தில் கடன்காரர்கள் இளவரசரையே போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ள, அதையும் இவரே போய்த் தீர்த்து வைக்க வேண்டியிருந்தது.

என் முதல் வேலையை நினைத்துக்கொண்டேன். எனக்கு முன் இருந்தவர் போய்விட்டார். அவருடைய பீரோவைத் திறந்தால் பிரிக்காத உறைகள் சரிந்து காலில் விழுந்தன. எட்டு மாதத்து ரசீதுகள். யாரிடம் கேட்டாலும் “அவர் இருந்தபோது எல்லாம் சரியாக நடந்ததே” என்ற ஒரே பதில். மொய்செபாக் பற்றிய பக்கங்களைப் படிக்கும்போது அந்த உறைகள் திரும்பவும் காலில் விழுவது போல இருந்தது. சிரிப்பு வந்தது அதனால்தான்.

அப்புறம் இரண்டு அத்தியாயம் தள்ளிச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கணக்குக் குளறுபடிதான் கடற்கரையில் ஆட்களைக் கொன்றது. பணம் அனுப்பாமல் ஆட்களை மட்டும் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். பின்னால் இண்டியானோலா என்று பெயர் பெற்ற துறைமுகத்தில் ஆயிரக்கணக்கானோர் குளிரிலும் சேற்றிலும் கிடந்தார்கள். 1846-இல் மெக்சிகோவோடு போர் மூண்டதும் வண்டிக்காரர்கள் நல்ல கூலிக்கு ராணுவத்தின் பின்னால் போய்விட்டார்கள். உள்ளே போக வண்டி இல்லை. நோய் வந்து நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ஒரு பேரேட்டில் எழுதாமல் விட்ட வரிகள் எங்கே போய் முடியும் என்பதை எந்த வகுப்பிலும் எனக்கு இப்படி யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கோயம்புத்தூரிலிருந்து

சகோதரி எழுதியதைப் படித்ததும் கை பரபரக்கிறது. நான் பாலிடெக்னிக்கில் பட்டறை வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவன். டெக்சஸை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

ஃப்ரெடரிக் லா ஓல்ம்ஸ்டெட் என்று ஒருவர். பின்னாளில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர்களில் ஒருவர். அதற்கு முன் 1854 வாக்கில் குதிரையில் டெக்சஸைச் சுற்றி, 1857-இல் பயணநூல் வெளியிட்டார். பழைய புத்தகம் என்பதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வழியெல்லாம் அவருக்குக் கிடைத்த சாப்பாடு சோள ரொட்டியும் பன்றிக் கொழுப்பும்தான். நியூ பிரான்ஃபெல்ஸில் ஒரு ஜெர்மானியர் விடுதியில் உட்காருகிறார். சூப் வருகிறது, இரண்டு வகை இறைச்சி வருகிறது, இரண்டுமே பன்றி இல்லை, இரண்டுமே பொரித்தது இல்லை. அந்த மனிதருடைய சந்தோஷத்தைப் படித்துப் பாருங்கள். நானும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வடநாட்டு ஆலைகளைச் சுற்றிக் காட்டிவிட்டு, பன்னிரண்டாம் நாள் ஒரு தெருமுனையில் ரசம் சாதம் கண்டவன்.

ஆனால் நான் எழுத வந்தது எர்ன்ஸ்ட் காப்பைப் பற்றி. ஜெர்மனியில் மின்டன் என்ற ஊரில் ஆசிரியர், புவியியல் அறிஞர். சர்வாதிகாரத்தைக் கண்டித்து எழுதியதற்காக வழக்கு வந்தது. 1849 இறுதியில் குடும்பத்தோடு டெக்சஸுக்குக் கிளம்பி, சிஸ்டர்டேல் என்ற சிற்றூரில் விவசாயி ஆனார். ஜெர்மனியில் 1848 புரட்சி தோற்றபின் தப்பி வந்த படித்தவர்கள் அந்தப் பக்கம் நிறையப் பேர் இருந்தார்கள். கிரேக்கமும் லத்தீனும் தெரியும், ஏர் பிடிக்கத் தெரியாது. அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் ‘லத்தீன் விவசாயிகள்’. மரக்கட்டைச் சுவர் வீடு, உட்கார நாற்காலிக்குப் பதில் பீப்பாய், ஆனால் உள்ளே பியானோவில் பீத்தோவன். ஓல்ம்ஸ்டெட் அதை அவ்வளவு பிரியமாக எழுதியிருக்கிறார்.

காப் 1865-இல் ஊர் திரும்பினார். 1877-இல் அவர் வெளியிட்ட நூல்தான் ‘தொழில்நுட்பத்தின் மெய்யியல்’ என்ற பெயரைத் தாங்கி வந்த முதல் நூல். அதன் மையக் கருத்து என்ன தெரியுமா? கருவிகள் நம் உடம்பின் நீட்சி. மடக்கிய விரல் கொக்கியாகிறது, குழித்த கை கிண்ணமாகிறது, முஷ்டியும் முன்னங்கையும் சுத்தியலாகின்றன. மரம் வெட்டி, வேலி போட்டு, கை காய்த்துப் போன ஒருவருக்குத்தான் இது தோன்றியிருக்கும் என்பது என் நம்பிக்கை. முப்பது வருடம் பையன்களிடம் “சுத்தியலைக் கழுத்தில் பிடிக்காதே, பிடியின் நுனியில் பிடி, அது உன் கை மாதிரி நீளணும்” என்று சொல்லியிருக்கிறேன். காப்பைப் பற்றிப் படித்த அன்று, பழைய மாணவர்கள் நாலு பேருக்குப் போன் போட்டேன். ஒருவன் இப்போது சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். “சார், அவரும் நம்ம ஆளா?” என்றான். ஆமாம் என்றேன்.

விஸ்பாடனிலிருந்து

பிரபுக்கள் சங்கம் தொடங்கிய பீப்ரிக், ஜெர்மனியில் உள்ள எங்கள் ஊரின் ஒரு பகுதி இப்போது. அங்கே ரைன் ஆற்றங்கரையில் ஓர் அரண்மனை இருக்கிறது, சாயங்காலம் நடக்கப் போவேன். இந்த இழையைப் படித்தபின் நேற்றுப் போனபோது வழக்கமான பெஞ்சில் உட்கார முடியவில்லை. இதே கரையில் கூடி அவர்கள் நிலம் பங்கு போட்டார்கள். ஆறும் மரங்களும் பார்க்க அவ்வளவு அழகு. இண்டியானோலாவின் சேற்றை இங்கிருந்து எப்படிக் கற்பனை செய்திருப்பார்கள்?

சான் அன்டோனியோவிலிருந்து

நான் வீடு வீடாகப் போய் முதியவர்களுக்குப் பிசியோதெரபி கொடுக்கிறேன். நியூ பிரான்ஃபெல்ஸ் பக்கம் ஒரு பெரியவர், தொண்ணூறு தாண்டியவர். முழங்கால் மடக்கச் சொன்னால் வலியில் ஜெர்மன் வந்துவிடும். பள்ளியில் இரண்டு வருடம் ஜெர்மன் படித்தவள் என்பதால் காது கொடுத்துக் கேட்டேன். பாதி புரிந்தது, பாதி வேறு மாதிரி இருந்தது.

அது டெக்சஸ் ஜெர்மன். பல வட்டாரத்து ஜெர்மன் கலந்து இங்கேயே வளர்ந்த மொழி. இவர்கள் முன்னோர் கப்பலேறியபோது விமானம் என்ற பொருளே இல்லை. அதனால் இவருக்கு விமானம் ‘லுஃப்ட்ஷிஃப்’, காற்றுக் கப்பல். ஸ்கங்க் என்ற நாற்றம் அடிக்கும் பிராணிக்கு ‘ஸ்டிங்க்கட்சே’, நாத்தப் பூனை. ஜெர்மனியிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்ததை அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்தப் பையனை விட இவர்தான் அதிகம் சிரிப்பார். முழங்கால் அப்போது இன்னும் பத்து டிகிரி மடங்கும்.

முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன் மேல் வெறுப்பு பரவியது. 1918-இல் டெக்சஸ் பள்ளிகளில் ஆங்கிலத்தில் மட்டுமே பாடம் என்று சட்டம் வந்தது. வீட்டுக்குள் பேசியவர்களும் பிள்ளைகளிடம் மெல்ல நிறுத்திக்கொண்டார்கள். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஹன்ஸ் போவாஸ் என்ற மொழியியல் பேராசிரியர் 2001-இலிருந்து இந்தப் பேச்சைப் பதிவு செய்து சேர்த்து வருகிறார். பெரியவருடைய பிள்ளைகள் யாரும் அதைப் பேசுவதில்லை. நானும் அவரும் வாரம் இருமுறை பேசுகிறோம்.

ஹூஸ்டனிலிருந்து

சின்ன விஷயம். நர்சரியில் வெள்ளைப் பூச்செடி ஒன்று வாங்கினேன், அட்டையில் ‘கௌரா லிண்ட்ஹைமரி’ என்று இருந்தது. யார் இந்த லிண்ட்ஹைமர் என்று தேடினால், நியூ பிரான்ஃபெல்ஸில் வாழ்ந்த ஜெர்மானியர். மாட்டுவண்டி போல ஒரு இரண்டு சக்கர வண்டியில் செடி சேகரித்து, உலர்த்தி, ஹார்வர்டுக்கு அனுப்பியவர். பிறகு 1852-இலிருந்து இருபது வருடம் ஊரின் ஜெர்மன் பத்திரிகையை நடத்தியவர். இங்குள்ள சப்பாத்திக்கள்ளி ஒன்றுக்கும் அவர் பெயர்தான். அவர் வீடு இன்னும் இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். அடுத்த மாதம் போகிறேன்.

மதுரையிலிருந்து

எல்லாம் ரசித்துப் படித்தேன். ஒரு கேள்வி இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். வரலாறு படிக்கிற மாணவி நான். இந்தப் புத்தகங்களில் சிரிப்பது எல்லாம் வந்து குடியேறியவர்கள். கமான்சேக்கள் சிரித்தார்களா? அவர்களுக்கும் அன்றாட வேலை இருந்திருக்கும், அதில் நகைச்சுவை இருந்திருக்கும். அதை யார் எழுதினார்கள்?

ஆஸ்டினிலிருந்து

தங்கச்சி, சரியான கேள்வி. புத்தகத்தைத் திரும்ப எடுத்துத் தேடினேன். கிடைத்தது ஒன்றுதான். மொய்செபாக் 1847-இல் கமான்சே தலைவர்களோடு பேசப் போனபோது, அவருடைய செந்நிற முடியைப் பார்த்து அவர்கள் வைத்த பெயர் ‘எல் சோல் கொலராடோ’, சிவப்புச் சூரியன். அந்தப் பெயரில் ஒரு கண்சிமிட்டல் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த மே மாதம் ஃப்ரெட்ரிக்ஸ்பர்க்கில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இரு தரப்பும் ஒருவர் ஊருக்கு ஒருவர் பயமின்றி வரலாம் என்று இருந்தது. இரு தரப்பும் அதைக் காப்பாற்றின என்று ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் சில வருடங்களிலேயே நிலம் முழுக்கக் குடியேறியவர்கள் கைக்குப் போனது. கமான்சேக்கள் அரசு அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கும், பிறகு ஒக்லஹோமா பக்கமும் விரட்டப்பட்டார்கள்.

ஊரில் இன்னொரு கதையும் சொல்வார்கள். பேச்சுவார்த்தை நடந்த நாட்களில் மலைமேல் கமான்சேக்களின் தீ எரிந்ததாம். பயந்த பிள்ளைகளிடம் ஒரு தாய், “அது ஈஸ்டர் முயல், முட்டைக்குச் சாயம் காய்ச்சுகிறது” என்று சொல்லித் தூங்க வைத்தாளாம். பல தலைமுறையாக ஈஸ்டருக்கு அந்த மலைகளில் தீ மூட்டினார்கள். நான் முதலில் படித்தபோது அந்தத் தாயின் சாமர்த்தியத்தை மட்டும்தான் பார்த்தேன். நீ கேட்டபின், அந்தத் தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கீழே தெரிந்த புது ஊரின் விளக்குகளைப் பார்த்துத் தங்கள் பிள்ளைகளிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒக்லஹோமாவில் கமான்சே மக்களே நடத்தும் அருங்காட்சியகம் லாட்டன் ஊரில் இருக்கிறது. வண்டியில் ஆறு மணி நேரம். நவம்பர் விடுமுறையில் போய், அவர்கள் புத்தகக் கடையில் என்ன இருக்கிறது என்று பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.