ராணி வீட்டு சொந்தக்காரங்க எதுக்கு பார்ட்டி பிளானரா வேலை பார்க்கணும்?

கேள்விக்குறி:
லேடி எலிசபெத் ஆன்சன் பத்தி படிச்சதுலேர்ந்து இதே யோசனைதான். 1941ல விண்ட்சர் கோட்டையிலயே பொறந்திருக்காங்க, ஆறாம் ஜார்ஜ் மன்னர்தான் ஞானத்தந்தை, இவங்க அம்மா யாருன்னா, இரண்டாம் எலிசபெத் ராணியோட அம்மாவுக்கு கூடப்பொறந்த அண்ணனோட மக. அப்படிப்பட்டவங்க 1960ல, இருபது வயசு கூட ஆகாம, லண்டன்ல 'பார்ட்டி பிளானர்ஸ்'னு கம்பெனி ஆரம்பிச்சு மத்தவங்க வீட்டு விருந்துக்கு ஓடியாடி வேலை பார்த்திருக்காங்க. காசு தேவையா, இல்ல பொழுதுபோக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழங்கதை:
காசு ஒரு முக்கிய காரணமா இருந்திருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். இங்கிலாந்து பிரபு குடும்பத்துல பட்டமும் எஸ்டேட்டும் மூத்த பையனுக்குத்தான், பொண்ணுக்கு பேருக்கு முன்னாடி 'லேடி' மட்டும் இருக்கும். இவங்க அப்பா 1958லயே போயிட்டாரு, 1960ல தாத்தா லிச்ஃபீல்ட் பிரபுவும் போனதும் பட்டம் அண்ணன் பேட்ரிக்குக்கு வந்துச்சு. அவருக்கே நிம்மதி இல்ல, வாரிசு வரிக்காக குடும்பத்தோட ஷக்பரோ மாளிகை, பழைய மாளிகைகளை பாதுகாக்குற நேஷனல் டிரஸ்ட்ங்கற அமைப்பு கைக்கு போயிருச்சு. அவரு போட்டோகிராபரா சம்பாதிச்சாரு, 1981ல சார்லஸ் டயானா கல்யாணத்துக்கு படம் எடுத்தவரு அவர்தான். அண்ணன் நிலைமையே இதுன்னா தங்கச்சி என்ன பண்ணுவாங்க?

இன்னொன்னு, பெரிய வீட்டு வயசுப் பொண்ணுங்கள அரண்மனைக்கு கூட்டிட்டு போய் ராணி முன்னாடி நிறுத்துற வழக்கம் 1958ல நின்னுபோச்சு, ஆனா அம்மாக்கள் பொண்ணுக்காக வைக்கிற டான்ஸ் பார்ட்டி நிக்கல. வீட்டுல முன்ன மாதிரி வேலையாட்கள் பட்டாளமும் இல்ல. சாப்பாடு, பேண்டு, பூ, பத்திரிகை எல்லாத்தையும் ஒருத்தர் எடுத்து செஞ்சா போதும்னு இருந்த நேரத்துல, அந்த உலகத்துக்குள்ளயே வளர்ந்த பொண்ணு வந்து நின்னா விடுவாங்களா?

பந்தக்கால்:
நான் ஈவென்ட் ஃபீல்டுலதான் இருக்கேன், இவங்க மேல எனக்கு பெரிய மரியாதை. போர் அடிக்கிறவங்க எல்லாரையும் ஒரே டேபிள்ல போட்டுருங்க, தாங்கதான் போர்னு அவங்களுக்கு தெரியாது, சந்தோஷமா பேசிட்டு இருப்பாங்கன்னு சொல்வாங்களாம். கேட்டா சிரிப்பு வரும், ஆனா சீட்டிங் போட்டவங்களுக்கு தெரியும் அது எவ்வளவு பெரிய விஷயம்னு. யாரு யாரோட பேச்சுவார்த்தை இல்ல, யாரு விவாகரத்து ஆனவங்க, யாருக்கு ஒரு காது சரியா கேக்காது, அதெல்லாம் மனசுல வச்சு டேபிள்ல பேர் எழுதின கார்டு வைக்கணும். அந்த ஊர் முறையில முக்கியமான பெண் விருந்தாளி விருந்து கொடுக்கிறவருக்கு வலது பக்கம் உக்காரணும், ஒரு கார்டு மாறுனாலும் மனஸ்தாபம்தான்.

2011ல வில்லியம் கேட் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி மாண்டரின் ஓரியண்டல் ஹோட்டல்ல வெளிநாட்டு ராஜ குடும்பங்களுக்கு விருந்து கொடுத்தது இவங்கதான். வந்தவங்க பூரா பட்டக்காரங்க, யார முதல்ல வைப்பீங்க யார பின்னாடி தள்ளுவீங்கன்னு நினைச்சாலே எனக்கு கை நடுங்குது.

கேள்விக்குறி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஆனாலும் ராணி சொந்தம்ங்கறதாலதானே ஆர்டர் வந்திருக்கும்? சாதாரண வீட்டுப் பொண்ணுன்னா முடியுமா?

பழங்கதை:
முதல் ஆர்டருக்கு சொந்தம் உதவியிருக்கும், அத மறுக்க முடியாது. ஆனா ஸ்டிங், மிக் ஜாகர் மாதிரி பாட்டுக்காரங்களுக்கு இவங்க தாத்தா யாரா இருந்தா என்ன? அவங்களும் கிளையன்ட்டா இருந்திருக்காங்க. சொந்தக்காரங்கன்னாலும் பார்ட்டி ஒருதடவை சொதப்புனா அடுத்ததுக்கு வேற ஆள தேடுவாங்க. 2020ல 79 வயசுல இறந்தாங்க, அது வரைக்கும் அந்த வட்டாரத்துல பார்ட்டின்னா இவங்க பேருதான்.