வெளிநாட்டுக் கிறிஸ்தவ ஊழியப் பயணத்தில் சந்தித்த மனிதர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

நான் நேபாளத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். காட்மாண்டுவில் இறங்கிய அன்றே எங்களை அழைத்திருந்த போதகர் உட்காரவைத்துப் பேசியது சட்டத்தைப் பற்றித்தான். 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி அங்கே ஒருவரை மதம் மாற்றுவது குற்றம். 5 ஆண்டு வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். “தெருவில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்காதீர்கள். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், போலீஸ் என் வீட்டுக் கதவைத்தான் தட்டும்” என்றார்.

குழுவிலிருந்த தம்பி ஒருவனுக்கு இது ரசிக்கவில்லை. இவ்வளவு பயந்தால் எப்படி ஊழியம் செய்வது என்று முணுமுணுத்தான். அவனுக்குப் பதில் சனிக்கிழமை ஆராதனையில் கிடைத்தது. (ஞாயிறு அங்கே வேலை நாளாக இருந்ததால் சபைகள் சனிக்கிழமைதான் கூடின.) வாசலில் செருப்பு மலைபோல் குவிந்திருந்தது. உள்ளே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லாரும் தரையில். முன்வரிசையில் ஒரு பெரியவர், பிளாஸ்டிக் பையில் சுற்றிய வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 1990-க்கு முந்தைய காலத்தில் விசுவாசத்துக்காகச் சிறைக்குப் போனவர் என்று போதகர் அறிமுகப்படுத்தினார். தம்பி அவரிடம், “சிறையில் பயமாக இருந்ததா ஐயா?” என்று கேட்டான். “பயம் இரண்டு நாளில் போய்விட்டது. மூட்டைப்பூச்சிதான் கடைசிவரைக்கும் போகவில்லை” என்றார். சபையே சிரித்தது. அப்புறம் அந்தத் தம்பி கைப்பிரதிப் பேச்சையே எடுக்கவில்லை.

* * *

நான் நர்ஸ். உகாண்டாவில் ஒரு கிராமத்து மருத்துவ முகாமுக்குக் குழுவோடு போயிருந்தேன். எனக்கு மறக்காத ஆள், அந்த ஊர் ஹெல்த் சென்டரில் வேலை பார்த்த நர்ஸ் அக்கா. நாங்கள் கொண்டுபோன பெட்டிகளைத் திறந்ததும் அவர் செய்த முதல் வேலை, ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் டார்ச் அடித்துக் காலாவதி தேதி பார்த்தது. நன்கொடையாக வரும் மருந்துக்கு வந்துசேரும்போது குறைந்தது 1 ஆண்டாவது ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அதில் தேறாததெல்லாம் தனியாக ஒரு மூலைக்குப் போனது. எங்கள் தலைவரின் முகம் சுருங்கியதை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

அடுத்தது பிரஷர் மாத்திரை. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு மாதத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது எங்கள் திட்டம். “சரி, இரண்டாவது மாதம் யார் கொடுப்பது?” என்றார். எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவர் சொன்னபடிதான் நடந்தது: நாங்கள் பிரஷர் பார்த்துச் சொல்ல வேண்டியது, அவர் தன் நோட்டில் பெயர் எழுதி ஹெல்த் சென்டருக்கு வரச்சொல்ல வேண்டியது. அங்கே தொடர்ந்து கிடைக்கிற மருந்தைத்தான் தொடங்குவார்கள். எனக்கு அதுதான் சரி என்று பட்டது. முகாம் முடிந்து நாங்கள் கிளம்பிவிடுவோம், நோயாளியும் அவரும் அதே ஊரில் இருப்பார்கள்.

வாசிப்புக் கண்ணாடி மட்டும் யாருடைய யோசனைக்கும் காத்திராமல் அரை நாளில் தீர்ந்தது. ஒரு தையல்காரர் ஏழெட்டு கண்ணாடி மாட்டிப் பார்த்தார். நாங்கள் நீட்டிய எழுத்து அட்டையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து போன் ரீசார்ஜ் கார்டை எடுத்துச் சுரண்டி அந்த எண்களைப் படித்தார். கடைசி எண் வரைக்கும் படிக்க முடிந்த கண்ணாடியை மாட்டியபடியே போய்விட்டார். நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. தையல் பாக்கி இருந்திருக்கும்!

* * *

கம்போடியா பற்றிச் சுருக்கமாக. எங்கள் பயணத்திட்டத்தில் குழந்தைகள் இல்லம் ஒன்று இருந்தது. பாட்டு, விளையாட்டு, போட்டோ, கிளம்பு. எட்டு வயதிருக்கும், ஒரு சிறுமி ஆங்கிலத்தில் ஆக்‌ஷன் பாட்டு பாடினாள். நாங்கள் கைதட்டியதும் அதையே கொரிய மொழியில் பாடினாள். வந்துபோன ஒவ்வொரு குழுவும் ஒன்று சொல்லிக்கொடுத்திருக்கிறது. அந்நாட்டு இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதை அன்று இரவு உள்ளூர்ச் சகோதரி ஒருவர் சொல்லித்தான் தெரியும். வறுமையால் கொண்டுவந்து விட்டவர்கள். அந்தக் குடும்பத்துக்கே கைகொடுத்துப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகிற வேலை அவருடையது. அதில் போட்டோ எடுக்க ஒன்றுமில்லை, ஆகவே காணிக்கையும் கம்மி என்றார். அடுத்த முறை எங்கள் சபை அந்த வேலைக்குத்தான் பணம் அனுப்பியது. இல்லம் போகும் திட்டத்தை அடித்துவிட்டோம்.

* * *

மேலே உகாண்டா எழுதிய சிஸ்டருக்கு ஒரு பின்குறிப்பு, முதல்முறை கிளம்புகிறவர்களுக்காக. அங்கே நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும், ஆகவே கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். முன்பு 10 ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டியிருந்தது. 2016 ஜூலையிலிருந்து ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். எந்த விசாவில் வரலாம், அதில் என்னென்ன செய்யலாம் என்பதை உங்களை அழைக்கிற சபையிடமே கேளுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்து செக்-இன் லக்கேஜில் போட்டுவிட்டார். விமான நிலையத்தில் அதைக் கேட்பது பெட்டி கைக்கு வருவதற்கு முன்னால்.