அம்மாவோட பயாப்ஸி ரிப்போர்ட், எக்கோ ரிப்போர்ட் ரெண்டும் புரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க

செந்தில்87:
வணக்கம். அம்மாவுக்கு 61 வயசு, மார்புல இருந்த கட்டிய ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. ரிப்போர்ட் கைக்கு வந்துடுச்சு ஆனா டாக்டர பாக்க அடுத்த வாரம்தான் அப்பாயின்ட்மென்ட், அதுவரைக்கும் தூக்கம் வராது போல இருக்கு. அதுல "இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 3, பிடி2 என்0, மார்ஜின் நெகட்டிவ், ஹெர்2 3+"னு போட்டிருக்கு. கிரேடு 3ன்னா மூணாவது ஸ்டேஜா? இதுல ஹார்ட்டுக்கு வேற எக்கோ எடுக்க சொன்னாங்க, அம்மாவுக்கு ஹார்ட் பிரச்சனையே கிடையாது. எக்கோல இஎஃப் 60 சதவீதம், "கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்"னு வந்திருக்கு. அப்ப இதயத்துல 40 சதவீதம் வேலை செய்யலயா? அம்மாகிட்ட இன்னும் எதுவும் சொல்லல.

லேப்_அண்ணன்:
தம்பி, இன்வேசிவ் டக்டல் கார்சினோமான்னா பால் குழாய்ல ஆரம்பிச்சு சுத்தியிருக்கற திசுக்குள்ள நுழைஞ்ச மார்பு கேன்சர். அடுத்து, கிரேடு வேற ஸ்டேஜ் வேற. ஸ்டேஜ்ங்கறது கட்டி எவ்ளோ பெருசு, எங்க வரைக்கும் பரவியிருக்குங்கறது. கிரேடுங்கறது அந்த செல்லு மைக்ராஸ்கோப்புல எப்படி தெரியுதுங்கறது. மார்பு கட்டின்னா மூணு விஷயம் பாத்து மார்க் போடுவாங்க, செல்லு எல்லாம் சேர்ந்து குழாய் மாதிரி அமைஞ்சிருக்கா, உள்ள இருக்கற நியூக்ளியஸ் எவ்ளோ கோணல்மாணலா இருக்கு, எத்தனை செல்லு பிரியற நிலைமைல இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் 1லருந்து 3 வரைக்கும் மார்க், கூட்டினா 8 இல்ல 9 வந்தா கிரேடு 3. வேகமா வளர்ற ரகம்னு அர்த்தம், அதை லேசா எடுத்துக்க முடியாது, ஆனா பரவிடுச்சுன்னு அர்த்தம் இல்ல.

பரவினதா இல்லயாங்கறதுக்கு பக்கத்துல இருக்கற எழுத்த பாருங்க. பிடி2ல பின்னா ஆபரேஷன்ல எடுத்தத லேப்ல பாத்து சொன்னது, டி2ன்னா கட்டி 2 செ.மீ.க்கு மேல 5 செ.மீ.க்குள்ள. என்0ன்னா அக்குள்ல எடுத்து பாத்த நெறிக்கட்டிகள்ல கேன்சர் இல்ல, உங்க ரிப்போர்ட்லயே எனக்கு ரொம்ப பிடிச்ச வரி அதுதான். வேற எங்கயும் பரவலன்னா இது ஸ்டேஜ் 2ஏ கணக்குல வரும், அதை டாக்டர்தான் எல்லாம் பாத்து முடிவா சொல்லணும். மார்ஜின் நெகட்டிவ்னா வெட்டி எடுத்த துண்டோட ஓரத்துல கேன்சர் செல் இல்ல, அதாவது சுத்தமா எடுத்திருக்காங்க. நெகட்டிவ்னு பாத்து பயப்படாதீங்க, இந்த இடத்துல அது நல்ல செய்தி.

வசந்தி_அம்மா:
செந்தில் கண்ணு, எனக்கும் ஹெர்2 3+ தான், அதனால அந்த பாகத்த நான் சொல்றேன். ஹெர்2ங்கறது செல்லு மேல இருக்கற ஒரு புரோட்டீன், "வளரு வளரு"ன்னு செல்லுக்கு சிக்னல் குடுக்கும். 3+ன்னா அது ரொம்ப அதிகமா இருக்கு. 2+னு வந்தா இன்னொரு டெஸ்ட் பண்ணி உறுதிப்படுத்துவாங்க, 3+க்கு அது தேவையில்ல. முன்னாடி இந்த ரகம்னா டாக்டருங்களே கவலைப்படுவாங்களாம், 1998ல ட்ராஸ்டுசுமாப் மருந்து வந்தப்புறம் நிலைமை நல்லாவே மாறிடுச்சு, நேரா அந்த புரோட்டீன போய் பிடிக்கற மருந்து அது. பொதுவா ஒரு வருஷம் குடுப்பாங்க. எக்கோ கேட்டதும் அதுக்காகத்தான் இருக்கும் கண்ணு, சிலருக்கு அந்த மருந்து இதயத்தோட பம்பிங்க குறைக்கும், அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு எக்கோ, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவைன்னு பாத்துக்கிட்டே வருவாங்க. அம்மாவுக்கு ஹார்ட் பிரச்சனைன்னு யாரும் நினைச்சு எடுக்கல.

எக்கோ_ரூம்:
இஎஃப் கேள்விக்கு நான் வரேன், இத தினமும் யாராவது ஒருத்தர் கேக்கறாங்க. இடது கீழறை நிறையுற ரத்தத்துல ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்ளோ வெளிய தள்ளுதுங்கறதுதான் இஎஃப். எந்த ஆரோக்கியமான இதயமும் 100 சதவீதம் தள்ளாது, எப்பவும் கொஞ்சம் உள்ள மிச்சம் இருக்கும். சுமார் 55லருந்து 70 வரைக்கும் நார்மல், அம்மாவோட 60 நல்ல நம்பர். டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் கிரேடு 1ன்னா சுருங்கின இதயம் திரும்ப விரியறது கொஞ்சம் மெதுவா இருக்கு, 60 தாண்டினவங்க ரிப்போர்ட்ல சர்வசாதாரணமா பாப்போம், பிபி இருக்கறவங்களுக்கும் வரும். இந்த கிரேடுக்கும் பயாப்ஸி கிரேடுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

முக்கியமா இந்த மொத எக்கோவ பத்திரமா வைங்க. அடுத்தடுத்து வர்றத இதோடதான் ஒப்பிடுவாங்க. முடிஞ்சா ஒரே இடத்துல எடுங்க, ஏன்னா இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் அஞ்சு பாயின்ட் முன்னபின்ன வர்றது சகஜம், 60 போய் 57 வந்துச்சுன்னு அலற வேண்டாம். மொத எக்கோவ விட 10 பாயின்ட்டோ அதுக்கு மேலயோ குறைஞ்சு 50க்கு கீழ போனா பொதுவா மருந்த நிறுத்தி வெச்சு மறுபடி பாப்பாங்க, பெரும்பாலும் திரும்ப ஏறிடும்.

செந்தில்87:
ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும், இப்பதான் மூச்சே வருது. கீமோல டாக்சோரூபிசின்னு ஒண்ணும் குடுக்கலாம்னு நர்ஸ் சொன்னாங்க, அதுவும் ஹார்ட்ட பாதிக்குமா?

எக்கோ_ரூம்:
பாதிக்கலாம், ஆனா இது வேற மாதிரி. இதுல வாழ்நாள் முழுக்க உடம்புல ஏறுன மொத்த அளவுதான் கணக்கு, உடம்பு பரப்புல ஒரு சதுர மீட்டருக்கு 450லருந்து 550 மில்லிகிராம தாண்டாம பாத்துக்குவாங்க, மார்பு கேன்சருக்கு வழக்கமா குடுக்கறது அதுல சுமார் பாதியளவுதான் வரும். ஆனா இதுல வர்ற பாதிப்பு ட்ராஸ்டுசுமாப் மாதிரி சுலபமா திரும்பாது, அதனால அம்மாவுக்கு பிபி, சுகர் இருந்தா இப்பவே டாக்டர்கிட்ட சொல்லி கட்டுக்குள்ள வைங்க. ரெண்டு மருந்தையும் பொதுவா ஒரே நேரத்துல குடுக்க மாட்டாங்க, ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு.

வசந்தி_அம்மா:
இன்னொண்ணு கண்ணு, மருந்து ஓடும்போது படுத்தா மூச்சு முட்டி எழுந்து உக்கார வேண்டி வந்தாலோ, ரெண்டு காலும் வீங்குனாலோ, திடீர்னு வெயிட் ஏறுனாலோ அடுத்த எக்கோ தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே ஃபோன் பண்ணிடுங்க. அப்புறம் அம்மாகிட்ட சொல்லுங்கப்பா, உங்க முகத்த பாத்தே அவங்க எதையோ ஊகிச்சிருப்பாங்க, அந்த என்0வ மொதல்ல சொல்லி ஆரம்பிங்க.